செம்மண் பொட்டலில் டிக்கி டென்ட்: ஓர் ஆவணி இரவின் நிகழ்வு ஆய்வு

பிள்ளையார்பட்டி சதுர்த்தித் தேருக்கு முதல் நாள் இரவு, ஆத்தங்குடிப் பக்கம் ஓர் ஊருணிக்கு மேற்கே போட்டிருந்த எங்கள் டென்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஐந்து பேர் இருந்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நனைந்த மெத்தையைக் காய வைத்தோம், வண்டியை டிராக்டர் வைத்து இழுத்தோம், ஊர் திரும்பினோம். கேட்டவர்கள் எல்லோரும் மழையைத்தான் குறை சொன்னார்கள். மழை வந்தது ஒரு மணிக்குமேல். அதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பே நாங்கள் இன்னொரு பெரிய ஆபத்தை எங்கள் கையாலேயே டென்டுக்குள் கொண்டு வந்திருந்தோம் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. டிக்கியோடு சேர்த்துக் கட்டும் டென்ட் இப்போது நம் பக்கமும் பரவி வருகிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

யார், எந்த வண்டி, என்ன டென்ட்

நான், என் மனைவி, அம்மா, 11 வயது மகள், மைத்துனர். பெட்ரோலில் ஓடும் 7 பேர் வண்டி. பின் இருக்கைகளை மடித்தால் மூன்று பேர் காலை நீட்டிப் படுக்கலாம். சதுர்த்தி விழா நாட்களில் காரைக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அம்மாவுக்குத் தேர் பார்த்தே ஆக வேண்டும். மைத்துனரிடம் டென்ட் இருந்தது. அப்படித்தான் முடிவானது.

டிக்கி டென்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. டிக்கிக் கதவை மேலே தூக்கி நிறுத்தி, டென்டின் வாயை அதன்மேல் தலையணை உறை போடுவதுபோல் போர்த்த வேண்டும். வாயைச் சுற்றி எலாஸ்டிக் இருக்கும். அதிலிருந்து வரும் பட்டைகளைச் சக்கர வளைவிலும் பம்பர் அடியிலும் கொக்கியால் மாட்டி இறுக்க வேண்டும். மறுபுறம் இரண்டு வளைவுக் கம்புகள், இழுகயிறுகள், முளைகள். எங்களுடையது 10 அடிக்கு 8 அடி. பெரியவர்கள் நிமிர்ந்து நிற்கலாம், வண்டிக்குள்ளிருந்து செருப்புப் போடாமல் டென்டுக்குள் இறங்கலாம். அம்மாவைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி.

வண்டியின் கூரைமேல் விரியும் டென்டையும் யோசித்தோம். இருவர் படுக்கும் கூரை டென்டே 50 கிலோவை ஒட்டி வரும். ஓடும்போது கூரை தாங்கும் எடை என்று வண்டிக் கையேட்டில் போட்டிருப்பது பல வண்டிகளுக்கு 50 முதல் 75 கிலோதான். அதில் கேரியர் கம்பிகளின் எடையும் சேரும். 68 வயது அம்மா இரவில் ஏணியில் இறங்கி ஏறுவதும் நடக்காது. அந்த முடிவு சரியானதுதான்.

இடம்

நிலம் காரைக்குடியில் எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆச்சியுடையது. தொலைபேசியில் கேட்டதும், "தாராளமாத் தங்குங்க தம்பி, அங்கிட்டு வீட்டு மனையா ஒண்ணுமில்லை, பொட்டலாத்தான் கெடக்கு" என்றார்கள். அனுமதி வாங்கியதில் குறை இல்லை. கண்மாய்க் கரையோ புறம்போக்கோ கோயில் காடோ கண்ணில் பட்ட இடத்தில் கூடாரம் போடுவது எனக்குச் சம்மதமும் இல்லை.

சாயங்காலம் 5:40-க்குப் போய்ச் சேர்ந்தோம். கிழக்கே செம்புரான் என்னும் சிவப்புக் கல்லில் கட்டிய படிக்கட்டோடு ஊருணி. நாங்கள் நின்ற பக்கம் மெழுகிய களம்போலச் சமமான செம்மண் தரை. புல் இல்லை, முள் இல்லை. ஓரமாக ஒற்றைப் பனை. செட்டிநாட்டில் சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்காத வெற்றிடம் கிடைப்பது அபூர்வம். இதைவிட நல்ல இடம் அமையாது என்று நினைத்தோம். காலையில் கண் விழித்ததும் ஊருணி தெரியட்டும் என்று டிக்கியைக் கிழக்கே வைத்து, வண்டி முகத்தை மேற்கே நிறுத்தினேன்.

தரை சமம் என்று சொன்னேனே, அது கண்ணுக்குத் தெரிந்த சமம். அது ஊருணியைப் பார்த்து மெல்லச் சரிந்திருந்தது. வண்டியின் பின்புறம் தாழ்வாகவும் முன்புறம் ஒரு சாண் உயரமாகவும் நின்றது. இதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

அன்றிரவு நடந்தது

டென்டோடு வந்த பிளாஸ்டிக் முளைகள் 10. மேலே நாலு விரல் அளவுக்குப் பொடி மண், அதற்குக் கீழே பாறைபோல் இறுகிய செம்புரான். 4 முளைகள் சுத்தியல் அடியிலேயே உடைந்தன. மீதி பாதிதான் இறங்கின. ஒரு கயிற்றைப் பனையில் கட்டினோம், இன்னொன்றைக் கல்லில் சுற்றினோம்.

சாப்பாட்டை வெளியிலேயே முடித்தோம். டென்டுக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொசுவர்த்திச் சுருளைக்கூட அம்மா வெளியேதான் வைத்தார். இவ்வளவு கவனமாக இருந்தவர்கள்தான் அடுத்ததைச் செய்தோம்.

காற்று அசையவில்லை, ஒரே புழுக்கம். வண்டியின் சார்ஜர் துளையில் சிறு மின்விசிறியைச் செருகி ஓட விட்டிருந்தோம். டிக்கி திறந்தே இருந்ததால் உள்விளக்கும் 6 மணியிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. 10:15 வாக்கில் மைத்துனர், "அத்தான், விடிஞ்சா பேட்டரி இறங்கிப் போயிருக்கும். ஒரு 20 நிமிஷம் இன்ஜினைப் போட்டு விடுவோம், ஏசியும் கொஞ்சம் ஓடட்டும்" என்றார். சரி என்றேன். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இன்ஜினைப் போட்டவன் நான்.

10:35-க்கு மகள் தலை வலிக்கிறது என்றாள். வெயில் அலைச்சல் என்று நினைத்தோம். "அப்பத்தா, எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்று அவள் இரண்டாம் முறை சொன்னபோது அம்மாதான் எழுந்து டென்ட் ஜிப்பைத் திறந்து அவளை வெளியே கூட்டிப் போனார். எனக்கும் நெற்றிப் பொட்டு கனத்தது அப்போதுதான் உறைத்தது. இன்ஜினை நிறுத்தினேன். வெளிக்காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் அவளுக்குச் சரியாகிவிட்டது. புகை வாடை லேசாக இருந்ததை எல்லோரும் உணர்ந்திருக்கிறோம், யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் அதோடு விட்டுவிட்டோம். தலைவலி நிற்காமல் இருந்திருந்தால், யாராவது மயங்கியிருந்தால், ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய விஷயம் அது.

12:40-க்கு மேற்கே மின்னல். 1:10-க்குக் காற்றோடு மழை. ஆவணியில் பகல் முழுதும் கொளுத்திவிட்டு இரவில் கொட்டும் வெப்பச்சலன மழை இங்கே புதிதல்ல. வண்டியின் முகம் மேற்கே இருந்ததால் முதல் காற்றை வண்டியே வாங்கிக்கொண்டது. அன்றிரவு சரியாக அமைந்தது அது ஒன்றுதான், அதுவும் தற்செயல். அடுத்த கால் மணி நேரத்தில் வண்டிக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் டிக்கிக்கு மேலே துணியில் தொட்டில்போலத் தேங்கி, வாயின் இடுக்கு வழியாகப் படுக்கைமேல் சொட்டியது. 1:35-க்கு வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. மகளின் செருப்பு மிதந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வண்டியை எடுத்துவிடலாம் என்று இறங்கினோம். 8 கொக்கிகள், பாதி பம்பருக்கு அடியில். நனைந்த பட்டை இறுகிப் போயிருந்தது. பனையில் கட்டிய முடிச்சு அவிழவில்லை, அறுத்தோம். டென்டைக் கழற்ற 14 நிமிடம் ஆனது. அதற்குள் தண்ணீர் நாலு விரல்கடை. வண்டியை எடுத்தால் முன்சக்கரங்கள் செம்மண் சேற்றில் அதே இடத்தில் சுற்றின. டென்டை அப்படியே போட்டுவிட்டு, டிக்கியைச் சாத்தி, ஐந்து பேரும் வண்டிக்குள் உட்கார்ந்தோம். இடி இடிக்கும்போது கதவு சாத்திய இரும்பு உடல் கொண்ட வண்டிக்குள் இருப்பது டென்டைவிடப் பலமடங்கு பாதுகாப்பு. ஒற்றைப் பனையில் கயிறு கட்டிய டென்டுக்குள் இருந்திருக்கவே கூடாது. மழை 3 மணிக்கு விட்டது.

கீதாரி சொன்னது

விடிந்ததும் முதலில் வந்தவர் பக்கத்து மேட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர், இந்தப் பக்கம் கீதாரி என்பார்கள். அவருடைய ஆடுகள் நனைந்திருந்தன, ஆனால் கிடையில் தண்ணீர் நிற்கவில்லை. எங்களுக்கும் அவருக்கும் நடுவே 200 அடிகூட இருக்காது. சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, தண்ணி ஓடி ஓடித்தான் இந்தத் தரை மெழுகுன மாதிரி கெடக்கு. புல்லு நிக்காத எடம் தண்ணி போற எடம். சாயங்காலமே பார்த்தேன், யாரோ ஆச்சி வீட்டு ஆளுகன்னு சும்மா இருந்துட்டேன். வந்து சொல்லியிருக்கணும்."

அவர் வந்து சொல்லாதது குற்றமே இல்லை. நான் போய்க் கேட்காததுதான் குற்றம். காலமெல்லாம் வெட்டவெளியில் படுத்து எழும் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். நான் செல்பேசியில் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தரையைக் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்தார். சருகும் குச்சியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வரிசையாக ஒதுங்கிக் கிடந்தால் அது தண்ணீர் கொண்டு வந்தது. மணலில் வரி வரியாக அலை இருந்தால் ஓட்டம் உண்டு. மரத்து வேர் ஒரு பக்கம் மட்டும் மண் அரித்துத் தெரிந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. "புத்து இருக்க எடத்துல தண்ணி நிக்காது, ஆனா புத்துப் பக்கத்துலயும் படுக்கக் கூடாது" என்றார். முதல் நாள் சாயங்காலம் எடுத்த படங்களைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்ன சருகு வரிசை எங்கள் டென்டுக்குப் பின்னாலேயே தெளிவாக இருந்தது.

7:30-க்கு டிராக்டர் வந்தது. அம்மா தேரையும் பார்த்துவிட்டார்.

ஏன் நடந்தது

துணியில் கோளாறு இல்லை. உறையில் 2000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. 2 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை துணி ஒழுகாது என்று அதற்குப் பொருள். எங்கள் துணி ஒழுகவும் இல்லை. தண்ணீர் வந்த வழிகள் இரண்டும் நான் வண்டியை நிறுத்திய விதத்தால் உண்டானவை. வண்டி முகம் உயர்ந்து நின்றதால் கூரைத் தண்ணீர் முழுதும் பின்னால் ஓடி டிக்கி மடிப்பில் இறங்கியது. தரைத் தண்ணீரோ மேற்கிலிருந்து வண்டிக்கு அடியில் ஓடி வந்து, டென்டின் தரைவிரிப்பை வரப்பாக்கி அங்கேயே தேங்கியது.

இதில் எனக்கு வருத்தம் தரும் ஒன்று உண்டு. செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். இந்த ஊர் வீடுகள் தெருவைவிட எவ்வளவு உயர்த்திக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைச் சின்ன வயதில் படியேறிப் பழகியவன். ஓட்டுக் கூரைகள் எல்லாம் வீட்டின் நடுவே உள்ள வளவின் முற்றத்தைப் பார்த்துச் சரிந்து, மழைத் தண்ணீரை உள்ளே வாங்கி, வடிகால் வழியாகத் தெருவுக்கு விட்டு, தெரு ஊருணிக்கு விடும். வறண்ட பூமியில் இவ்வளவு பெரிய ஊர்களைக் கட்டியவர்கள் விழும் தண்ணீருக்கு முதலில் வழி வைத்துவிட்டுத்தான் சுவர் எழுப்பினார்கள். ஊருணியைச் சுற்றிப் பொட்டலாக விட்ட நிலம் வெறும் நிலமில்லை, ஊருணிக்கு வரத்து தரும் நிலம். 'வீட்டு மனையா ஒண்ணுமில்லை' என்று ஆச்சி சொன்னதற்கு அர்த்தமே அதுதான். யாரும் வீடு கட்டாத இடத்தில் ஏன் கட்டவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஆச்சியைப் பார்க்கப் போனபோது அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். எங்கள் டென்ட் நின்ற இடத்தில் முழங்காலுக்குக் கீழே செந்தண்ணீர் ஊருணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் இல்லை. நாங்கள் முகர்ந்தது புகையில் இருக்கும் மற்றவற்றின் வாடை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூக்கம்தான் பயங்கரம். படுக்கப் போகிற நேரத்தில் தூக்கம் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? டிக்கி டென்டில் இந்த ஆபத்து அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வாய் பின் பம்பருக்கு அடியில். டென்டின் வாயும் அங்கேதான். காற்றடிக்கும் திசைக்கு வண்டி முகத்தைக் காட்டி நிறுத்துவது டென்டுக்கு நல்லது. ஆனால் அப்படி நிறுத்தினால் வண்டிக்குப் பின்னால் காற்று ஒதுங்கிப் போகும், புகை அங்கேயே சுற்றும். டிக்கி திறந்திருந்தால் ஏசியும் அந்தக் காற்றைத்தான் உள்ளே சுழற்றும். ஆகவே டிக்கியில் டென்ட் மாட்டியிருக்கும்போது இன்ஜினைப் போடவே கூடாது. 5 நிமிடமும் கூடாது, ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டும் கூடாது.

அந்த இன்ஜினைப் போட வைத்தது ஒரு சிறு உள்விளக்கு என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அதை அணைக்க வழி இருந்தது. பல வண்டிகளில் டிக்கி பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினால், கதவு சாத்திவிட்டதாக வண்டி எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடும். டிக்கியைச் சாத்துவதற்கு முன், திறக்கும் லிவரை இழுத்து அந்தக் கொக்கியை விடுவிக்க மறக்கக் கூடாது. மறந்து ஓங்கிச் சாத்தினால் பூட்டே போய்விடும். தானாக ஏறி இறங்கும் மின்சார டிக்கியாக இருந்தால் கையேட்டைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

வண்டிக்கு நேர்ந்தது சிறியது. பட்டைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த செம்மண் தூசி, காற்றில் துணி அசைய அசைய உப்புத்தாள் தேய்த்ததுபோல் பெயின்டில் கோடு போட்டிருந்தது.

மாசியில் மறுபடியும்

அம்மா கேட்டதால்தான் மறுபடி போனோம். அதே ஆச்சியின் நிலம், இம்முறை கீதாரி கிடை போட்டிருந்த மேடு. பகல் 3 மணிக்கே போய் நிலத்தை நடந்து பார்த்தோம். ஒரு பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மகள் பார்த்துச் சொன்னாள். டிக்கி பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு வண்டியை நிறுத்தினோம். கூரையில் விழுவது முன்கண்ணாடிப் பக்கம் போகட்டும் என்று. வண்டிக்குள் படுப்பவர்கள் தலையை டிக்கிப் பக்கம் வைத்துக்கொண்டால் அந்தச் சரிவு தெரிவதே இல்லை.

முளைகளுக்கு, கட்டடம் கட்டும் 10 மில்லிமீட்டர் கம்பியை ஒன்றரை அடியாக வெட்டித் தலையை வளைத்துத் தரச் சொல்லிப் பட்டறையில் கொடுத்திருந்தேன். ஆட்டு முளை மாதிரிதான். கடப்பாரையால் சின்னக் குழி போட்டு அதில் அடித்தால் செம்புரானிலும் இறங்குகிறது. தலையில் பழைய டயர் டியூபை மாட்டிவிட்டால் இருட்டில் கால் கிழியாது. பட்டை படும் இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மெல்லிய துணி வைத்தோம். விளக்குக்கும் விசிறிக்கும் தனி பவர் பேங்க். வண்டிச் சாவி என் மனைவியின் முந்தானையில் முடிந்திருந்தது. இரவில் யாரும் இன்ஜினைப் போடக் கூடாது என்பதற்காக அவரே செய்த ஏற்பாடு, அவசரம் என்றால் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி உள்ளே மாட்டினேன். அது காவலுக்கு மட்டும். அது இருக்கிறது என்பதற்காக இன்ஜினைப் போட்டுவிடக் கூடாது.

இருட்டுவதற்கு முன் கழற்றும் ஒத்திகை பார்த்தோம். யார் எந்தக் கொக்கி என்று பிரித்துக்கொண்டோம். முதல் முறை 7 நிமிடம், மூன்றாம் முறை 3 நிமிடம். வண்டியோடு கட்டிய டென்டில் வண்டி நமக்குச் சுவராக நிற்கிறது. ஆனால் அவசரத்துக்கு ஓடும் வண்டியாக அது இல்லாமல் போகிறது. அதைத் திரும்பப் பெற 3 நிமிடம் ஆகும் என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மழை இல்லை. ஆனாலும் விடியும்போது டென்டின் உள்பக்கம் ஈரம். மாசிப் பனியில் துணி குளிர்ந்து, எங்கள் மூச்சின் ஈரம் அதில் படிந்திருக்கிறது. எதிரெதிர் வலைச் சன்னல்களை மேலே ஒரு சாண் திறந்து வைத்திருந்தால் பெருமளவு குறைந்திருக்கும். குளிருக்குப் பயந்து அம்மா சாத்திவிட்டார்.

சரியாகாமல் நிற்பது ஒன்று. பம்பருக்கும் தரைக்கும் நடுவே டென்டின் வாய் முழுதாக மூடவில்லை, ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கிறது. கட்டு விரியன் இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் கடி பட்டதே தெரியாது. அதனால் டென்டின் தரையில் யாரையும் படுக்க விடவில்லை. அம்மாவும் மனைவியும் மகளும் வண்டிக்குள், நானும் மைத்துனரும் மடக்குக் கட்டிலில். காரைக்குடியில் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். பம்பரின் அகலத்துக்கு ஒரு முழப் பட்டை, கீழ் விளிம்பில் மணல் நிரப்ப ஒரு குழல் மடிப்பு. பங்குனி முதல் வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.